லைட் போடாமல் எடுக்க ஒரு கேமரா: கொழிஞ்சாம்பாறையிலிருந்து சாந்தன்பாறை வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சுற்றுலா போன கதை இல்லை. வேலைக்குப் போன கதை. ஆனால் ஆவணி மாதத்தில் மூணாறு வழியாக வேலைக்குப் போனாலும் அது பாதி சுற்றுலாவாகத்தான் ஆகிவிடுகிறது, என்ன செய்ய. கல்யாண வேலைக்கு இடுக்கி மலைக்குப் போகிறவர்கள் படிக்கலாம். புது கேமரா எதை வாங்குவது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

கொழிஞ்சாம்பாறையில் நானும் என் வீட்டுக்காரரும் பதினான்கு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். ஆல்பம் வடிவமைப்பு அவர். வெளியே போய் எடுப்பது நான். எங்கள் பழைய கேமரா இருபத்து நான்கு மெகாபிக்சல், எட்டு வருடம் உழைத்துவிட்டது. வெளிச்சம் இருந்தால் இன்றைக்கும் தங்கம். வெளிச்சம் குறைந்தால் படம் முழுக்க ரவையைக் கொட்டிய மாதிரி ஆகிவிடும். வீடியோவில் அந்த ரவை கொதிக்க வேறு செய்யும்.

கையில் இருக்கும் காசுக்கு ஒரு கேமராதான் வாங்க முடியும். தேர்வில் நின்றவை இரண்டு, விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். கம்பெனி பெயரைச் சொன்னால் கருத்துப் பகுதியில் குடுமிப்பிடிச் சண்டை வரும் என்பதால் பெரியவன், சின்னவன் என்றே வைத்துக்கொள்கிறேன். பெரியவன் நாற்பத்தைந்து மெகாபிக்சல், போட்டோவுக்குப் பிறந்தவன். சின்னவன் வெறும் பன்னிரண்டு மெகாபிக்சல். ஆனால் இருட்டில் பார்ப்பான், வீடியோவில் வல்லவன்.

என் வீட்டுக்காரர் பெரியவன் கட்சி. "ஏம் புள்ள, இருக்கற இருவத்திநாலை உட்டுப்போட்டுப் பன்னெண்டுக்கு எறங்கறதா? ஊரு சிரிக்காதா?" என்றார்.

"ஊரு என்னத்துக்குங்க மெகாபிக்சல எண்ணுது? மூஞ்சி தெரியுதான்னுதான் பாக்குது" என்றேன்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஆல்பம் விரித்தால் பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குலம். ஒரே படத்தை அந்த அகலம் முழுக்கப் போட்டால் பன்னிரண்டு மெகாபிக்சல் மூச்சுவாங்கும். ஆல்பம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. இப்படி ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நித்யா போன் பண்ணினாள்.

நித்யா சாந்தன்பாறைப் பெண். மாப்பிள்ளை எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பம், அவருடைய அண்ணன் கல்யாணத்தையும் நாங்கள்தான் எடுத்தோம். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எழுதச் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.) கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பேசினாள்.

"அக்கா, எங்கப்பா இல்ல, தெரியும்ல? பெரியப்பா பெரியம்மாதான் தாரை வாக்காங்க. அம்மா மேடைக்கு வர மாட்டாங்க. பின்னாடி எங்கயாவது இருட்டுல நிப்பாங்க. தாலி கட்டும்போது அம்மா மூஞ்சி எனக்கு வேணும்க்கா. நான் அப்போ திரும்பிப் பாக்க முடியாதுல்ல."

புருஷனை இழந்த அம்மா மகளின் முகூர்த்தத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்திலும் நிறைய வீடுகளில் இன்றைக்கும் இருக்கிறது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏன் என்று கேட்டுவிடலாமா என்று தோன்றும். ஆனால் கூலிக்குப் படம் எடுக்கப் போனவள் அங்கே பஞ்சாயத்து பேச முடியாது. "யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்க்கா" என்றும் நித்யா சொன்னாள். சரி என்றேன். அன்றைக்கே கோயம்புத்தூரில் பேசி இரண்டு கேமராக்களையும் கல்யாணத்தை ஒட்டிய மூன்று நாளுக்கு வாடகைக்குச் சொல்லி வைத்தேன். பெரியவனுக்கு நாளுக்கு 2,200, சின்னவனுக்கு 1,900. முன்பணம் தனி.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். நானும் என் கொழுந்தன் பிரகாசும். பிரகாசுக்கு முப்பத்தொரு வயது, ஏழு வருடமாக என்னோடு வேலைக்கு வருகிறான். வண்டி ஓட்டுவதும் லைட் பிடிப்பதும் அவன். கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலைப்பேட்டை. அங்கே ஆறே முக்காலுக்கு இட்லி சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் 110 ரூபாய். சின்னாறு சோதனைச்சாவடியில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டு விட்டார்கள். காட்டுக்குள் வண்டியை நிறுத்த விடமாட்டார்கள் என்பதால் சாவடிக்கு முன்பே எல்லாக் காரியத்தையும் முடித்துக்கொள்ளுங்கள்.

மறையூரில் ஒன்பதரைக்கு டீ. டீக்கடையில் நின்ற ஜீப் டிரைவரிடம் வழி எப்படி என்று கேட்டேன்.

"மூணாறு வரைக்கும் ஒண்ணுமில்லக்கா. கேப் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. ஜேசிபி நிக்கி. ஒரு மணிக்கூறு ஆகும், பாத்துக்கோங்க."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. மூணாறு தாண்டி கேப் ரோட்டில் ஐம்பத்தைந்து நிமிடம் நின்றோம். பத்தடிக்கு அந்தப் பக்கம் தெரியாத மூடுபனி, மலைக்காரர்கள் பேச்சில் மஞ்சு. அங்கேயே வண்டிக்குள் உட்கார்ந்து இரண்டு கேமராவிலும் நேரம், தேதி, பிரேம் வேகம் எல்லாம் சரிபார்த்தேன். வாடகைக் கேமராவை யார் கடைசியாக எந்த அமைப்பில் விட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சின்னவன் நொடிக்கு முப்பது பிரேமில் இருந்தான். நம் நாட்டு மின்சாரத்துக்கு இருபத்தைந்தும், ஷட்டர் ஐம்பதில் ஒன்றும்தான் சரி. இல்லாவிட்டால் சீரியல் லைட் எல்லாம் வீடியோவில் துடிக்கும்.

பூப்பாறை போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. எங்கள் மீட்டரில் மொத்தம் 179 கிலோமீட்டர். ஒரு நாள் அறை வாடகை 900, இரண்டு அறை எடுத்தோம். கப்பைக்கிழங்கும் (நம் மரவள்ளிதான்) மீன்கறியும் 130 ரூபாய், அளவுக்குக் குறைவில்லை. அங்கிருந்து சாந்தன்பாறை பக்கம்தான்.

இருட்டில் கேமரா எப்படி என்று பார்க்க ராத்திரிவரை காத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஏலத்தோட்டத்துக்குள் ஒருமுறை போக வேண்டும். மேலே நிழல்மரம், கீழே ஆளுயர ஏலச்செடி, நடுவில் மஞ்சு. பகல் இரண்டரை மணிக்கே, இருட்டுக்கு ஏற்ப ஏற்றுகிற ஐ.எஸ்.ஓ. எண்ணில் 1600-க்குக் கீழே இறங்க முடியவில்லை. நித்யா முன்கூட்டியே எஸ்டேட் மேனேஜரிடம் சொல்லி வைத்திருந்ததால் உள்ளே விட்டார்கள். காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு குனிந்தபடி, செடியின் அடியில் கையால் துழாவி எடுத்தார்கள். கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. "நீங்க பாத்து எடுக்கீங்க, நாங்க தொட்டு எடுக்கோம்" என்று ஒரு அம்மா சிரித்தார்.

இங்கே பெரியவன் ஜெயித்தான், மறைக்க மாட்டேன். இலையின் நரம்பு நரம்பாக, மழைத்துளி துளியாக எடுத்துக் கொடுத்தான். சின்னவன் படம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். பிரகாஷ் என்னைப் பார்த்தான். "அண்ணி, அண்ணன் சொன்னது சரிதானுங்களோ?" என்றான். வாயை மூடிக்கொண்டு வாடா என்றேன்.

அடுத்து ஸ்டோர். ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நித்யாவின் அம்மா மல்லிகா அக்காவுக்கு வேலை அங்கேதான். வெளியே குளிர், உள்ளே சூடு. நுழைந்ததும் இரண்டு லென்ஸிலும் ஆவி பூத்துவிட்டது. துடைத்தால் திரும்பப் பூக்கும், பேசாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருங்கள். நானும் உட்கார்ந்தேன். அந்த இருபது நிமிடத்தில்தான் மல்லிகா அக்காவோடு பேச முடிந்தது. பிரகாஷ் வெளியே வண்டியில் இருந்தான்.

மகள் கேட்டதை மறைக்காமல் சொன்னேன். அவருக்குத் தெரியாமல் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. காய்களைப் புரட்டியபடியே கேட்டுக்கொண்டார்.

"எடுக்கதுன்னா எடுத்துக்கோங்க. ஆனா எம்மேல லைட்டு விழக் கூடாது. விழுந்தா அத்தன பேரும் திரும்பிப் பாப்பாங்க. புள்ளைக்கு நல்ல நாளும் அதுவுமா ஒரு பேச்சு வந்துரக் கூடாது."

"லைட் போட மாட்டேன்க்கா. எங்க நிப்பீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"கல்யாண மண்டபத்துல பின்வாசப் பக்கம் ஒரு தூண் இருக்கு, அங்கிட்டு."

ஸ்டோருக்குள் ஒரே ஒரு மஞ்சள் பல்பு. அதில் இரண்டையும் ஐ.எஸ்.ஓ. 12,800 வரை ஏற்றினேன். பெரியவனின் நிழல் பகுதியெல்லாம் ஊதா அடித்தது. வீடியோவில் பச்சைக் காய் பழுப்பாகிவிட்டது. சின்னவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காய் காயாக, முகம் முகமாக இருந்தது. இப்போது பிரகாஷ் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது எனக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தைப் பார்த்தோம். எஸ்டேட் மாரியம்மன் கோயிலை ஒட்டித் தகரக் கூரை போட்ட கூடம். மேடையில் சீரியல் லைட், முன்பக்கம் நான்கு டியூப் லைட். பின்வாசல் தூணுக்கு வரும்போது என் கைரேகை எனக்கே தெரியவில்லை. கேமராவில் சத்தமில்லாத ஷட்டரைப் போட்டு எடுத்துப் பார்த்ததில் சீரியல் லைட்டின் கீழே படம் முழுக்கக் கறுப்புப் பட்டை பட்டையாக விழுந்தது. அன்றைக்கே பார்த்தது நல்லதாகப் போயிற்று. சாதாரண ஷட்டருக்கு மாற்றிக்கொண்டேன்.

திட்டம் இதுதான். மேடையைப் பெரியவனை வைத்து நான் கையில் எடுப்பது. சின்னவனை மேடையின் ஓரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, 85 எம்.எம். லென்ஸ் போட்டு, பின்வாசல் தூணில் போகஸைப் பூட்டி, ஐ.எஸ்.ஓ. 12,800-ல் தன்பாட்டுக்கு ஓடவிடுவது. யாருக்கும் சந்தேகம் வராது, கூட்டத்தை எடுக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பிரகாசுக்கும் அப்படித்தான் சொன்னேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நித்யா சொன்னது மனதில் இருந்தது. எல்லாம் என் தலைக்குள் சரியாக இருக்கிறது என்கிற தைரியம் வேறு.

ஞாயிறு காலை ஆறேகாலிலிருந்து ஏழேகால்வரை முகூர்த்தம். வாசல் வழியாக மஞ்சு கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஆறு நாற்பதுக்குக் கெட்டிமேளம். மாப்பிள்ளை தாலியை எடுத்தார், நான் பெரியவனோடு மூன்றடி தூரத்தில் இருந்தேன். முதல் முடிச்சு, இரண்டாவது, நாத்தனார் மூன்றாவது. அட்சதை பறந்தது.

கல்யாணத்தில் லைட் பிடிக்கிற எவனுக்கும் கை தானாகச் செய்கிற வேலை ஒன்று உண்டு. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் லைட்டை மேடையிலிருந்து கூட்டத்தின் பக்கம் திருப்ப வேண்டும். அப்போதுதான் அட்சதை பறப்பது வீடியோவில் விழும். ஏழு வருடத்துக்கு முன்னால் பிரகாசுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அவன் திருப்பினான். அந்த வெள்ளை வெளிச்சம் வரிசை வரிசையாகத் தாண்டி நேராகப் பின்வாசல் தூணில் போய் நின்றது.

மல்லிகா அக்கா கையைத் தூக்கியபடி நின்றிருந்தார். கூட்டம் முழுக்கத் திரும்பியது. அவர் கையை இறக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். மேடையிலிருந்து பெரியப்பா, "அங்கிட்டு எதுக்குப்பா லைட்டு? மேடைக்குப் போடு" என்றார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிரகாஷ் லைட்டைத் திருப்பினான். மறுபடி நான் பார்க்கும்போது தூணடியில் ஆள் இல்லை.

மல்லிகா அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம். அதை நான் வாங்கிக்கொண்டு போய்ப் பத்திரமாக என் தலைக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தேன். லைட் யார் கையில் இருக்கிறதோ அவனிடம் சொல்லவில்லை. மேடையை விட்டு நகரவும் முடியாது. மெட்டி, மாலை, அம்மி, அருந்ததி எல்லாம் முடிந்து எல்லோரும் டிபனுக்கு உட்காரும்போது மணி எட்டு. சின்னவனை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

சமையல் கொட்டகையில் மல்லிகா அக்கா வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பு என்னோடது. அவன்கிட்ட நான் சொல்லி வைக்கல. மன்னிச்சிருங்க."

"அந்தத் தம்பிய வையாதீங்க. கைக்குப் பழகுனதத்தான செஞ்சுச்சு." இலையை அடுக்கினார். "எடுத்தது இருக்கா?"

அதுவரை நானே பார்த்திருக்கவில்லை. இரண்டு பேரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு கேமராத் திரையைப் பார்த்தோம். கண்ணுக்குக் கும்மிருட்டாக இருந்த இடம் திரையில் சாயங்கால வெளிச்சம்போல் இருந்தது. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்கிறார். கெட்டிமேளம் கேட்டதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ கையில் எடுக்கிறார். மூன்றாவது முடிச்சுக்கு, வாயெல்லாம் சிரிப்பாக, கையை வீசுகிறார். மஞ்சள் கோடுகளாக அரிசி பறக்கிறது. அதற்கு அடுத்த நொடியில்தான் வெளிச்சம் வந்து விழுகிறது, கை இறங்குகிறது.

"இது அந்த இருட்டுல எடுத்ததா?"

"ஆமாக்கா."

"அரிசி மேட வரைக்கும் போகலல்ல?"

"இல்லக்கா. நாலு நாற்காலி தாண்டி விழுந்துச்சு."

"போகாதுன்னு தெரியும்" என்றார். இன்னொரு தரம் போடச் சொன்னார், போட்டேன். "லைட்டு விழுந்தது மட்டும் வேணாம். மத்தது இருக்கட்டும். இன்னைக்கி அவகிட்டக் காட்டாதீங்க, அழுவா. மறுவீடு முடிஞ்சு அனுப்புங்க."

திரும்பும்போதும் பிரகாஷ்தான் ஓட்டினான். மறையூர் தாண்டியபிறகு, "என்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க அண்ணி" என்றான். ஆமாம், சொல்லியிருக்க வேண்டும் என்றேன். இரவு எட்டே முக்காலுக்கு வீடு.

இப்போது கேமரா விஷயம். சின்னவனையே வாங்கிவிட்டேன். வாங்கி மூன்று மாதம் ஆகிறது, வருத்தம் இல்லை. வெளிப்புறப் படத்துக்கும் கும்பல் போட்டோவுக்கும் பழைய இருபத்து நான்கே போதும், வெளிச்சத்தில் அது இன்றும் ராஜாதான். உங்கள் வேலை பெரும்பாலும் பகலில், வெட்டவெளியில் என்றால் பெரியவனைத்தான் வாங்கச் சொல்வேன். கோயிலும் விடியல் முகூர்த்தமும் என்றால் யோசிக்கவே வேண்டாம், சின்னவன்தான். ஒன்று மட்டும் தெரியாது. வீடியோவில் கேமரா சூடாகி நிற்குமா என்பதைச் சாந்தன்பாறைக் குளிரில் சோதிக்க முடியவில்லை. சித்திரை மாதம் எங்கள் ஊரில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். வாங்கும் முன் வாடகைக்கு எடுங்கள். கடைக்குள் நின்று சோதிக்காதீர்கள், கடையில் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான். உங்கள் வேலையில் எது ஆக இருட்டான இடமோ, அங்கே கொண்டுபோய் ஓடவிடுங்கள். பயணத்துக்கு ஆவணி, புரட்டாசியில் போவதானால் கேப் ரோட்டுக்கு ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். லைட் பிடிக்கிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ரகசியத்தையும் சேர்த்து.

மறுவீடு முடிந்து அந்தக் காட்சியை நித்யாவுக்கு அனுப்பினேன், லைட் விழுந்த இடத்தை வெட்டிவிட்டு. நான்கு நாள் கழித்து அவளும் மாப்பிள்ளையும் ஆல்பம் மாதிரி பார்க்க ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். தாலி கட்டும் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஆசீர்வாதம் செய்கிற படத்தை என் வீட்டுக்காரர் வைத்திருந்தார். எல்லா ஆல்பத்திலும் அங்கே அதுதான் வரும். நித்யா அதை எடுத்துவிட்டு, வீடியோவில் அம்மா அரிசி வீசுகிற அந்த ஒரு பிரேமைப் போடச் சொன்னாள்.

"உங்க ஊட்டுல ஏதாச்சும் சொல்லுவாங்களே, தம்பி" என்று என் வீட்டுக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"சொன்னா நான் பேசிக்கறனுங்க. அத்தை அங்கயே இருக்கட்டும்" என்றார் அவர்.

ஆல்பம் போய்ச் சேர்ந்து ஒரு வாரத்தில் சாந்தன்பாறையிலிருந்து போன் வந்தது. மல்லிகா அக்கா. திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"என்னைய எதுக்குத் தாலி கட்டுற படத்துக்கு எதுத்தாப்புல போட்டீங்க?"

"உங்க பொண்ணும் மருமகனும்தான் போடச் சொன்னாங்கக்கா."

"எங்க மச்சான் வந்து பாத்தாரு. நித்யா பெரியப்பா."

"என்ன சொன்னாரு?"

"அந்தப் பக்கத்தத் திருப்பாமயே கொஞ்ச நேரம் வச்சிருந்தாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது மட்டும் தனியா ஒரு காப்பி போட்டு அனுப்புவீங்களா? ஸ்டோர்ல பிள்ளைக எல்லாம் பாக்கணுங்காளுக" என்றார்.

"என்ன அளவுலக்கா வேணும்?"

"பெருசாவே போடுங்க."